சாவிச் சொல் தெரியாமலே உடைப்பது எப்படி? மும்பைக் குழுவின் கேள்விகளும் பதில்களும்

எங்கள் மும்பைத் தமிழ்க் குழுவில் ஒருவர் சங்கேதச் செய்தி ஒன்றைப் போட்டார். அதைத் தொடர்ந்து வந்த கேள்விகள் இவை.

கேள்வி (தாராவி, கல்லூரி மாணவர்): சார், சாவிச் சொல் வைத்து எழுத்தை மாற்றுவது என்கிறார்களே, அது எப்படி?

பதில்: தம்பி, பதினெட்டு மெய்யையும் ஒரு வரியில் எழுதிக்கொள்ளுங்கள். சாவிச் சொல் 'சயான்' என்று வைப்போம். கீழ்வரியில் முதலில் ச, ய, ன. அப்புறம் மிச்ச எழுத்துகள், வழக்கமான வரிசையில். சாவியில் ஓர் எழுத்து இரண்டு முறை வந்தால் ஒருமுறை எழுதினால் போதும்.

க ங ச ஞ ட ண த ந ப ம ய ர ல வ ழ ள ற ன
ச ய ன க ங ஞ ட ண த ந ப ம ர ல வ ழ ள ற

மேலே இருப்பதற்குப் பதில் கீழே இருப்பதைப் போட வேண்டும். கால், கொம்பு, புள்ளி எல்லாம் அப்படியே இருக்கட்டும். 'நாளை மதியம் வா' என்பது 'ணாழை நடிபந் லா' ஆகிவிடும். அட்டவணையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அலைய வேண்டாம். சாவிச் சொல் நினைவிருந்தால் போதும்.

கேள்வி (மாதுங்கா, ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை): பதினெட்டு எழுத்தைச் சுமார் 6,400 லட்சம் கோடி விதமாக அடுக்கலாம். அத்தனையையும் யார் சோதித்துப் பார்ப்பார்கள்?

பதில்: யாரும் சோதிப்பதில்லை டீச்சர். எழுத்து வேஷம் மாற்றுகிறதே தவிர, எத்தனை தடவை வருகிறது, எதோடு சேர்ந்து வருகிறது என்பது மாறுவதில்லை. 9ஆம் நூற்றாண்டிலேயே பாக்தாதில் அல்-கிந்தி என்ற அறிஞர் இதை எழுதிவைத்துவிட்டார். தமிழிலோ இலக்கணமே காட்டிக்கொடுக்கும். ர, ழ இரட்டிக்காது. ண, ற, ன தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வராது. சொல்லின் கடைசியில் வல்லின மெய் நின்றால், அடுத்த சொல் அதே எழுத்தில்தான் தொடங்கும்.

கேள்வி (வாஷி): யார் கண்டுபிடித்தது?

பதில்: எழுத்தை மாற்றி எழுதுவது மிகப் பழையது. சாவிச் சொல் வைத்து வரிசையைக் கலைக்கும் யோசனையை, 16ஆம் நூற்றாண்டில் ரோமில் போப்பிடம் பணியாற்றிய ஆர்ஜென்டி குடும்பத்தார் பேரில் சொல்வார்கள்.

கேள்வி (செம்பூர்): அண்ணா, இதை உடையுங்கள் பார்ப்போம்: 'ணூச்சகைச்சுண் ணச்சஞ்ஞில் டிற்சிறேன்'. சாவியைச் சொல்ல மாட்டேன்!

பதில்: சொல்ல வேண்டாம். முதல் சொல் 'ண்' என்று முடிகிறது, அடுத்தது 'ண'வில் தொடங்குகிறது. சந்தி வாசனை அடிக்கிறது, ஆக ண என்பது க, ச, த, ப-வில் ஒன்று. அதற்கு முன்னால் 'ச்சு'. அந்த இடத்தில் வேறென்ன வரும், நான்காம் வேற்றுமையின் 'க்கு'தான். ச என்றால் க. இரண்டாம் சொல் 'ஞ்ஞில்' என்று முடிகிறது. ல் மாறவில்லை என்று வைத்துப் பார்த்தால் 'த்தில்'. இப்போது '?க்கத்தில்' என்று நிற்கிறது. 'பக்கத்தில்' என்று வாயே சொல்லிவிடும். ண என்றால் ப. முதல் சொல் 'பூக்க?ைக்குப்'. பூக்கடை!

கடைசிச் சொல் '?ிற்கிறேன்'. நிற்கிறேனா, விற்கிறேனா? ல, ற, ன மாறாமல் இருக்கின்றன. வரிசையில் ல-வுக்கும் ற-வுக்கும் நடுவில் உள்ள வ-வும் மாறியிருக்க முடியாது. ஆக நிற்கிறேன்தான். பூக்கடைக்குப் பக்கத்தில் நிற்கிறேன்.

சாவியும் மாட்டிக்கொண்டது. க-வுக்குக் கீழே ச. ட-வுக்குக் கீழே க வந்து வழக்கமான வரிசை தொடங்கிவிடுகிறது. எனவே சாவியில் நாலே எழுத்து, முதலெழுத்து ச. மற்ற மூன்றும் த, ந, ப, ம, ய, ர-வுக்குள் இருக்க வேண்டும். உங்கள் ஊர்ப் பேரையே வைத்தீர்களா தம்பி? ச, ம, ப, ர!

கேள்வி (அதே செம்பூர்க்காரர்): அநியாயம். இன்னும் கடினமாக்க என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் சாவியின் எழுத்துகள் ர-வோடு நின்றுவிட்டதால் ல முதல் ன வரை ஒன்றும் அசையவில்லை. 'சயான்' மாதிரி ன வரும் சொல்லாக எடுங்கள். சொற்களுக்கு இடையே இடம் விடாதீர்கள். கால், கொம்புகளுக்கும் தனியாக ஒரு சாவி வையுங்கள். செய்தி சுருக்கமாக இருந்தால் உடைப்பவருக்குப் பிடிமானம் குறையும். ஒரு பக்கக் கடிதம் எழுதினால் எந்தச் சாவியும் தாங்காது. வங்கி ரகசிய எண்ணை இப்படி எழுதி வைக்கிற எண்ணம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள்.