கொர்பு மலையில் ஆற்றோரக் கூடாரம் வேண்டாம்

தம்பி, தீபாவளி விடுமுறையில் நண்பர்களோடு சுங்கை சிப்புட்டிலிருந்து போய், மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள கொர்பு மலை ஏறி, ஆற்றோரம் கூடாரம் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். ஏறுங்கள், ஆனால் ஆற்றோரம் வேண்டாம். அக்டோபர், நவம்பரில் பேராக்கில் பிற்பகல் மழை கொட்டும். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்தாலும், மேலே பெய்த மழை திடீரென்று 'கெபாலா ஆயிர்' வெள்ளமாக இறங்கிவிடும். தெளிந்த தண்ணீர் கலங்கி, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால் சாமான்களைப் பார்க்காமல் மேட்டுக்கு ஓடுங்கள்.

கொர்பு 2,183 மீட்டர். தீபகற்ப மலேசியாவில் தாஹான் மலைக்கு அடுத்த உயரம். இரவில் நன்றாகவே குளிரும். அப்புறம், வனத்துறை பெர்மிட்டும் மலை வழிகாட்டியும் இல்லாமல் கிளம்பாதீர்கள். ரப்பர் தோட்டத்தில் சுற்றிய தைரியம் அங்கே செல்லாது. அட்டைக்கு முழங்கால்வரை காலுறை போடுங்கள். நம் பெருசுகள் சொல்லும் புகையிலைத் தண்ணீரையும் காலுறைமேல் தடவிக்கொள்ளலாம், நாற்றம்தான் தாங்காது.