பழைய டிஸ்க், புது கம்ப்யூட்டர்: கேள்வி-பதில்

கே: பழைய டெஸ்க்டாப்பின் ஹார்டு டிஸ்க்கை யூ.எஸ்.பி. கேபிளில் மாட்டினால் சுழலவே இல்லை. போய்விட்டதா? (குன்னூர்)

ப: பெரும்பாலும் கரண்ட் போதாததுதான். லேப்டாப்பின் 2.5 இஞ்ச் டிஸ்க்குக்கு யூ.எஸ்.பி.யின் 5 வோல்ட் போதும். உங்களுடைய 3.5 இஞ்ச் டிஸ்க் 12 வோல்ட் கேட்கும். பவர் அடாப்டரோடு வரும் சாட்டா-யூ.எஸ்.பி. கேபிளை வாங்குங்கள்.

கே: மாட்டியதும் ‘ஃபார்மேட் செய்யவா?’ என்கிறது. (மஞ்சூர்)

ப: கேன்சல். வேறு கேபிளில் மாட்டிப் பாருங்கள். டக் டக் என்று சத்தம் வந்தால் உடனே கழற்றிவிடுங்கள். ஓட ஓடச் சேதம் கூடும்.

கே: 300 ஜிபி போட்டோவை ‘கட்’ செய்து மாற்றும்போது கரண்ட் போய்விட்டது. சில படங்கள் புதியதில் திறக்கவில்லை, பழையதில் இல்லவே இல்லை. (கூடலூர்)

ப: ‘கட்’ வேண்டாம், ‘காப்பி’ என்று எத்தனை முறை எழுதுவது! ‘கட்’ கொடுத்தால், ஒவ்வொரு ஃபைலும் அங்கே போகப் போக இங்கே அழிந்துகொண்டே வரும். எழுதியாயிற்று என்று விண்டோஸ் கணக்கு வைப்பதில் கடைசிக் கொஞ்சம் டிஸ்க்குக்குப் போகாமல் மெமரியிலேயே நிற்கும். அந்த நேரம் கரண்ட் போனால் இரண்டு பக்கமும் நஷ்டம். ஆடி மழையில் மரம் சாய்ந்து லைன் போவது கூடலூர்க்காரருக்குத் தெரியாததா? 300 ஜிபி என்றால் யூ.எஸ்.பி. 2-இல் மூன்று மணி நேரம், 3-இல் ஒரு மணி நேரம். டெஸ்க்டாப்பில் யூ.பி.எஸ். இல்லாமல் தொடங்கவே கூடாது.

இனிப் பழைய டிஸ்க்கில் ஒரு எழுத்துகூட எழுதாதீர்கள். அழிந்த படங்களை மீட்கும் ஃபோட்டோரெக் என்ற மென்பொருள் கொண்டு தேடுங்கள், இலவசம்தான். மீட்டதை வேறு டிஸ்க்கில் சேமியுங்கள். படம் வரும், ஃபைல் பெயர் வராது. அடுத்த முறை காப்பி செய்து, இரு பக்கமும் ப்ராப்பர்ட்டீஸில் ஃபைல் எண்ணிக்கையையும் பைட்டையும் ஒப்பிடுங்கள். சரியாக இருந்தாலும் பழையதை ஒரு வருடம் அழிக்க வேண்டாம்.

கே: எதுவும் காப்பி ஆகவில்லை, என்ன செய்வது? (ஊட்டி)

ப: எந்த விண்டோஸ், எந்த டிஸ்க், திரையில் என்ன வந்தது? மூன்றும் இல்லாத கடிதத்துக்குச் சோழிதான் உருட்ட வேண்டும். ‘பர்மிஷன் இல்லை’ என்று வந்திருந்தால் ‘கன்டினியூ’ அழுத்திக் காத்திருங்கள்.

கே: பழைய தேயிலைக் கணக்கில் தமிழெல்லாம் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரிகிறது. (கோத்தகிரி)

ப: ஃபைல் கெடவில்லை. பாமினி போன்ற யூனிகோடு அல்லாத எழுத்துருவில் அடித்திருப்பீர்கள். பழைய டிஸ்க்கில் ‘விண்டோஸ்’ ஃபோல்டருக்குள் ‘ஃபாண்ட்ஸ்’ இருக்கும்; அந்த எழுத்துருவை எடுத்துப் புதியதில் நிறுவுங்கள்.

கே: ஃபோட்டோஷாப் ஃபோல்டரை அப்படியே காப்பி செய்தால் ஓடுமா? (வெலிங்டன்)

ப: ஓடாது. புதிதாக இன்ஸ்டால் செய்யுங்கள்.

கே: பனிக்காலம் முழுக்க ஷெட்டில் கிடந்த டிஸ்க்கை மாட்டலாமா? (எமரால்டு)

ப: ஹீட்டர் எரியும் அறைக்குள் கொண்டுவந்த கையோடு மாட்டாதீர்கள், குளிர்ந்த டிஸ்க் வியர்த்து ஈரமாகும். வெளியிலேயே பிளாஸ்டிக் கவரில் இறுக்கிக் கட்டி, அறைக்குள் நான்கு மணி நேரம் வைத்துவிட்டுப் பிறகு பிரியுங்கள்.