சாலை விபத்தைக் குறைக்க ஊர் மக்களே சேர்ந்து ஏதாவது செய்ய முடியுமா?

"எங்கள் ஊர் பஸ் நிறுத்தத்தில் அடிக்கடி விபத்து நடக்கிறது. ஊர் சார்பாக ஒரு குழு அமைத்தால் பயன் இருக்குமா, இல்லை அதிகாரிகளிடமே விட்டுவிடலாமா" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் ஊரும் எங்கள் ஊர் மாதிரிதான் இருக்கும் என்று நினைக்கிறேன். மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குள் பிரியும் ஒரு ரோடு, முக்கில் ஒரு டீக்கடை, சமீபத்தில் ஒரு சாவு. சாவு விழாமல் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

பயன் உண்டு. ஆனால் தப்பாகச் செய்தால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஏனென்றால் தப்பாகச் செய்தவர்களில் நானும் ஒருவன்.

எங்கள் ஊர் கள்ளக்குறிச்சிப் பக்கம். 2017 நவம்பரில், விடியற்காலை ஐந்து மணி இருக்கும், என் சித்தப்பா சொசைட்டிக்குப் பால் ஊற்றக் கேனோடு டிவிஎஸ் எக்ஸெல்லில் கிளம்பினார். முக்கில் மெயின் ரோடு ஏறும்போது வலப்பக்கமிருந்து வந்த லாரி அடித்துவிட்டது. நான் ஓடிப்போனபோது ரோடெல்லாம் பால். டீக்கடையில் எட்டுப் பேர் இருந்தார்கள். 108க்குப் போன் செய்துவிட்டு எட்டுப் பேரும் சுற்றி நின்றார்கள். தொட்டால் கேஸாகிவிடும், கோர்ட்டுக்கு அலைய வேண்டும் என்ற பயம். தொடையிலிருந்து ரத்தம் போய்க்கொண்டே இருந்தது. ஒரு துண்டை மடித்து அழுத்திப் பிடிக்கக்கூட யாருக்கும் கை வரவில்லை.

அவர்களைக் குறை சொல்வதாக நினைக்காதீர்கள். அவர்கள் இடத்தில் வேறு யாராவது அடிபட்டுக் கிடந்திருந்தால் நானும் அப்படித்தான் நின்றிருப்பேன். உதவி செய்கிறவரைப் போலீஸோ ஆஸ்பத்திரியோ தொந்தரவு செய்யக் கூடாது என்ற வழிமுறைகளுக்கு உச்ச நீதிமன்றம் 2016லேயே ஒப்புதல் கொடுத்திருந்தது. பிறகு 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134ஏ என்ற பிரிவாக அது சேர்ந்தது. எங்கள் டீக்கடை வரைக்கும் அந்தச் செய்தி வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த அன்று ராத்திரி, நாங்கள் பதினோரு பேர் சேர்ந்து மெயின் ரோட்டின் குறுக்கே ஒரு மேடு போட்டோம். சிமெண்ட், ஜல்லி, மணல் எல்லாம் ஒருவர் வீட்டு வேலைக்கு இறக்கி வைத்திருந்தது. ஒன்றரை அடி அகலம், அரை அடி உயரம். மறுநாள் காலையில் லாரிகள் எல்லாம் பிரேக் அடித்து ஊர்ந்து போயின. டீக்கடையில் நின்று அதைப் பார்த்தபோது சித்தப்பாவுக்கு ஏதோ செய்துவிட்டதாக நெஞ்சு நிறைந்தது. பெயிண்ட் அடிக்கவில்லை. முன்னால் ஒரு போர்டு வைக்கவில்லை.

பத்தாவது ராத்திரி ஒரு பைக் வந்தது. மகன் ஓட்ட, பின்னால் அம்மா. மேடு இருப்பது அவனுக்குத் தெரியவில்லை. பைக் எகிறியதில் அந்த அம்மா விழுந்து இடுப்பு எலும்பு உடைந்துவிட்டது. மூன்று நாள் கழித்து அந்தப் பையன் டீக்கடைக்கு வந்தான். சத்தம் போடவில்லை. "இதைப் போட்டது யாருங்க?" என்று மட்டும் கேட்டான். நான் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து மனசு கேட்காமல் அவர்கள் வீட்டுக்குப் போய் நான்தான் என்று சொன்னேன். அந்த அம்மா கட்டிலில் படுத்தபடியே, "ஒரு வெள்ளைக் கோடாவது போட்டிருக்கக் கூடாதா தம்பி" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

ரோட்டில் மேடு போடுவது சட்டப்படி குற்றம், உங்களைப் பிடித்து உள்ளே போட்டிருக்க வேண்டும் என்று யாராவது கமெண்டில் எழுதுவீர்கள். எழுதுங்கள், மறுக்க மாட்டேன். ஆனால் இன்றைக்கும் ஊருக்கு ஊர் இதே மேட்டைப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதனால்தான் மறைக்காமல் எழுதுகிறேன்.

அந்த மேட்டை உடைக்க ஆட்களோடு வந்த உதவிப் பொறியாளர் எங்களைத் திட்டவில்லை. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து விளக்கினார். வேகத்தடைக்கென்று, சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் வகுத்த அளவு இருக்கிறது: அகலம் 3.7 மீட்டர், உயரம் 10 சென்டிமீட்டர். அதாவது பன்னிரண்டடி அகலத்துக்கு நாலு அங்குல உயரம்தான். மணிக்கு 25 கிலோமீட்டரில் வருகிறவன் அலுங்காமல் ஏறி இறங்க வேண்டும், அதைவிட வேகமாக வந்தால்தான் தூக்கிப் போட வேண்டும். கறுப்பு வெள்ளைப் பட்டை அடிக்க வேண்டும், முன்கூட்டியே எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும். நாங்கள் போட்டது வேகத்தடையே இல்லை, ரோட்டில் கட்டிய சுவர்.

அப்புறம் அவர் சொன்னதுதான் ஊரையே கலக்கியது. இந்த மாதிரி முக்கில் மேடு மெயின் ரோட்டில் வராது, ஊரிலிருந்து வந்து சேரும் சின்ன ரோட்டில்தான் போட வேண்டும் என்றார். "செத்தது நம்ம ஆளு, மேடும் நமக்கேவா?" என்று என் பெரியப்பா மகன் கத்தினான். எனக்கும் அதே கோபம்தான்.

அவர் எங்களிடம் ஒரு டேப்பைக் கொடுத்து, எக்ஸெல்லில் உட்கார்ந்து மெயின் ரோட்டு ஓரத்தில் நின்றால் வலப்பக்கம் எவ்வளவு தூரம் தெரிகிறது என்று அளக்கச் சொன்னார். 25 மீட்டர். அதற்கப்பால் புறம்போக்கில் சீமைக்கருவேலம் புதராக நின்றது. அதற்கும் முன்னால் ஒரு காதுகுத்து பேனரின் சட்டமும் டீக்கடையின் தார்ப்பாய்ப் பந்தலும். மணிக்கு 60 கிலோமீட்டரில் வரும் லாரி ஒரு நொடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடிவிடும். அப்படியென்றால் லாரி கண்ணில் பட்டதிலிருந்து சித்தப்பாவுக்குக் கிடைத்தது ஒன்றரை நொடி. இரண்டு கேன் பாலோடு அவர் எங்கே நிறுத்துவது? அந்தக் கணக்கைப் போட்ட பிறகு என் பெரியப்பா மகன் பேசவில்லை.

2018 ஜனவரி 26 கிராம சபையில் தீர்மானம் எழுதினோம். அடுத்த வாரமே ஜேசிபி வைத்துக் கருவேலத்தை வேரோடு பிடுங்கினோம், செலவு ஊர் வரி. டீக்கடைக்காரர் பந்தலை நாலடி உள்ளே இழுத்துக்கொண்டார். அதில் அவருக்கு ஒரு பெஞ்ச் வியாபாரம் போனது, ஆனாலும் முதலில் சம்மதித்தவர் அவர்தான். இப்போது அதே இடத்தில் நின்றால் நூறு மீட்டருக்கு மேல் தெரிகிறது. லாரிக்காரனுக்கும் நம்மைத் தெரிகிறது.

ஊர் ரோட்டில் வேகத்தடை வர மட்டும் ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. மெயின் ரோடு நெடுஞ்சாலைத் துறை, ஊர் ரோடு ஊராட்சி ஒன்றியம். முதல் மூன்று மாதம் தப்பான ஆபீஸில் மனுக் கொடுத்துக்கொண்டிருந்தோம். நீங்களும் முதலில் ரோடு யாருடையது என்று பாருங்கள். மைல்கல்லின் தலை மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை.

இதைச் சொல்லும்போது வேறொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அப்போது எங்களுக்கு ஊராட்சித் தலைவரே கிடையாது. 2016 அக்டோபரோடு பதவிக் காலம் முடிந்தது, தேர்தல் நடக்கவில்லை, தனி அலுவலர்தான். 2019 டிசம்பரில் மற்ற மாவட்டங்களில் ஊரகத் தேர்தல் நடந்தபோதும், விழுப்புரம் மாவட்டத்திலிருந்து கள்ளக்குறிச்சியைப் பிரித்ததால் எங்கள் பக்கம் நடக்கவில்லை. எங்களுக்கு ஓட்டுப் பெட்டி வந்தது 2021 அக்டோபரில். ஐந்து வருடம்! தெருவிளக்கு எரியவில்லை என்றால்கூட யார் வீட்டு வாசலில் போய் நிற்பது என்று தெரியாமல் இருந்தோம். மாவட்டம் பிரியும் வரை, கலெக்டர் ஆபீஸில் நடக்கும் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளுக்கு விழுப்புரம் வரை போக வேண்டும். ஒரு மனுவுக்கு ஒரு நாள் கூலி போய்விடும். கட்சி பேசுவதாக நினைத்தாலும் பரவாயில்லை. கையெழுத்துப் போட ஆள் இல்லாத ஐந்து வருடத்தில் எத்தனை ஊரில் எத்தனை முக்கு அப்படியே கிடந்திருக்கும் என்று நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். டீக்கடையில் ஒரு நோட்டுப் போட்டு வையுங்கள். யார் விழுந்தாலும், சும்மா தட்டிவிட்டு எழுந்து போனாலும், தேதி, நேரம், எந்தப் பக்கம் போனார் என்று எழுதச் சொல்லுங்கள். போலீஸ் ஸ்டேஷன் கணக்கில் வழக்குப் பதிவானது மட்டும்தான் இருக்கும். தேசிய நெடுஞ்சாலையில் 500 மீட்டருக்குள் மூன்று வருடத்தில் சாவோ பெருங்காயமோ உண்டான விபத்து ஐந்து, இல்லையென்றால் பத்துச் சாவு நடந்திருந்தால்தான் அந்த இடம் அரசுக் கணக்கில் 'கரும்புள்ளி', அதாவது அடிக்கடி விபத்து நடக்கும் இடம். எங்கள் முக்கு மாதிரியானவை இரண்டு வருடத்துக்கு ஒருவர் என்று மெதுவாகக் கொல்லும். எந்தப் பட்டியலிலும் வராது. எங்கள் நோட்டைக் காட்டிய பிறகுதான் மெயின் ரோட்டில் எச்சரிக்கைப் பலகையும் மினுக்கும் விளக்கும் வந்தன.

நோட்டைப் புரட்டியபோது இன்னொன்றும் தெரிந்தது. விழுந்தவர்களில் பாதிப் பேர் லாரியால் விழவில்லை, எங்களால் விழுந்திருக்கிறார்கள். மக்காச்சோளத்தை ரோட்டில் காயப்போட்டுச் சுற்றிலும் கல் வைப்போம். சாயங்காலம் சோளத்தை அள்ளிக்கொண்டு கல்லை அங்கேயே விட்டுவிடுவோம். இதை நிறுத்தத்தான் ஊரில் பெரிய சண்டை நடந்தது. களம் இல்லாமல் எங்கே காயப்போடுவது என்று கேட்டவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. கடைசியில், ரோட்டில் காயப்போடுவதை நிறுத்த முடியாவிட்டாலும் பொழுது சாய்வதற்குள் கல்லை எடுத்துவிட வேண்டும் என்று முடிவானது. முழுத் தீர்வு இல்லைதான்.

உங்கள் ஊரில் பள்ளிப் பிள்ளைகளை விசில் கொடுத்து ரோட்டில் நிறுத்தும் யோசனை இருந்தால், கூட ஒரு பெரியவர் இல்லாமல் நிறுத்தாதீர்கள். ஆரம்பச் சுகாதார நிலையத்தில் கேட்டு, ரத்தத்தை எப்படி அழுத்தி நிறுத்துவது என்று முக்கில் கடை வைத்திருப்பவர்களுக்காவது சொல்லிக்கொடுங்கள். 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம், பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரியிலும் சேர்க்கலாம் என்று கடைச் சுவரிலேயே எழுதி ஒட்டுங்கள்.

இப்போது நாங்கள் செய்வது கரும்பு டிராக்டர் வேலை. வெட்டு தொடங்கினால் ராத்திரியில் பின்விளக்கு இல்லாமல் டிரெய்லர்கள் ரோட்டில் நிற்கும். பின்பலகையில் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒட்டினோம். கரும்புத் தோகை தொங்கி ஸ்டிக்கரை மறைத்துவிட்டது. அதனால் பழைய எண்ணெய் டின்னை வெட்டித் தகடாக்கி, அதில் ஸ்டிக்கரை ஒட்டி, கம்பி கோத்து, தொங்கும் கரும்பின் நுனியில் மாட்டிவிடுகிறோம். லோடு இறக்கியதும் கழற்றி டிரைவர் சீட்டுக்கு அடியில் வைத்துக்கொள்ளலாம். போன வருடம் நாற்பது தகடு கொடுத்தோம், முப்பத்தொன்று திரும்பி வந்தது. வேப்பூரிலிருந்து வந்த ஒரு டிரைவர் தன் ஊருக்கென்று ஆறு கேட்டு வாங்கிப் போனார். உங்கள் பக்கமும் கரும்பு ஓடுகிறது என்றால் சொல்லுங்கள், தகட்டின் அளவை எழுதி அனுப்புகிறேன்.