குடியை விட நினைப்பவர்களுக்கான கூட்டங்கள்: தருமபுரி, கிருஷ்ணகிரியிலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ., என்ற கூட்டங்களைப் பற்றி நம் இரு மாவட்டத்தவரும் கேட்டவற்றுக்குப் பதில் எழுதுகிறேன். நானும் குடிநோயாளிதான், இந்தக் கூட்டங்களால் குடிக்காமல் இருப்பவன். அங்குள்ள வழக்கப்படி என் பெயரைச் சொல்லவில்லை.

கேள்வி (பென்னாகரம்): என் வீட்டுக்காரர் பல வருடமாகத் தினமும் குடிப்பவர். வருகிற அமாவாசையோடு விட்டுவிடுகிறேன் என்கிறார். நான்கு நாள் வீட்டுக்குள்ளேயே வைத்துப் பார்த்துக்கொண்டால் போதுமா, ஐயா?

வேண்டாம் அம்மா. கூட்டத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே இதைச் சொல்லியாக வேண்டும். தினமும் குடித்துப் பழகிய உடம்புக்குத் திடீரென்று நிறுத்துவதே ஆபத்தாக முடியலாம். கடைசியாகக் குடித்த சில மணி நேரத்திலேயே கை நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அதன் பிறகு சிலர் ஆள் அடையாளம் தெரியாமல் உளறுவார்கள், சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார்கள். அதைப் பார்த்துப் பேய் பிடித்துவிட்டது என்று மந்திரிக்கக் கிளம்பிவிடாதீர்கள். உயிரே போகக்கூடிய நிலை அது.

நிறுத்துவதற்கு முன்பே தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப் போய், மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். எத்தனை வருடம், ஒரு நாளைக்கு எவ்வளவு என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். தெம்புக்கு என்று ஏதாவது ஒரு கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு வந்துவிட வேண்டாம். குடித்துக் குடித்துச் சத்து இழந்த உடம்பில், தயமின் என்ற பி1 வைட்டமினைக் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படக்கூடும். உடம்பு தெளியட்டும், பிறகு கூட்டத்துக்கு அனுப்புங்கள்.

கேள்வி (ஓசூர்): சிப்காட்டில் ஷிப்ட் வேலை. கூட்டத்தில் என்னதான் நடக்கும்? பணம் கட்ட வேண்டுமா? கம்பெனிக்குத் தெரிந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

தெரியாது, தம்பி. வருகைப் பதிவேடு கிடையாது, ஆதார் கேட்க மாட்டார்கள். நாற்காலிகளைப் போட்டு ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றரை மணி நேரம் உட்காருவார்கள். ஒருவர் எழுந்து தன் பெயரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்று தொடங்குவார். எப்படிக் குடித்தேன், என்னவெல்லாம் போயிற்று, இன்று எப்படிக் குடிக்காமல் இருக்கிறேன் என்று பேசுவார். இடையில் யாரும் குறுக்கிட மாட்டார்கள், அறிவுரை சொல்ல மாட்டார்கள். பேச விருப்பமில்லை என்றால் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கலாம். கட்டணம் இல்லை. உறுப்பினர்கள் தங்களால் முடிந்ததைப் போட்டுத்தான் வாடகையும் டீச் செலவும் நடக்கின்றன. வெளியார் நன்கொடையை வாங்குவதில்லை. குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே தகுதி. குடும்பத்தாரும் வரக்கூடிய கூட்டம், குடிநோயாளிகளுக்கு மட்டுமான கூட்டம் என இரண்டு வகை உண்டு. போகும் முன் எது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி (அரூர், ஆசிரியர்): உட்கார்ந்து பேசினால் குடி போய்விடுமா? ஆதாரம் உண்டா?

உண்டு. 2020-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 27 ஆய்வுகளை, ஏறத்தாழ 10,500 பேரை உள்ளடக்கியவற்றை, ஒன்றாக வைத்து அலசியது. தொடர்ந்து குடிக்காமல் இருக்கவைப்பதில் ஏ.ஏ. கூட்டங்களும் அவற்றை ஒட்டிய சிகிச்சையும், மற்ற உளவியல் சிகிச்சைகளுக்கு இணையாகவோ சற்றுக் கூடுதலாகவோ பலன் தருகின்றன என்பது அதன் முடிவு. மருத்துவர் தரும் மாத்திரைக்கு இது போட்டி அல்ல. இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி (காவேரிப்பட்டணம்): அவருக்குத் தெரியாமல் குழம்பில் கலந்து கொடுக்க ஒரு மாத்திரை இருக்கிறதாமே?

நீங்கள் கேள்விப்பட்டது டைசல்ஃபிராம். அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் சரிந்து விழலாம். இதயம் பலவீனமானவருக்கு உயிருக்கே ஆபத்து. நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை உடம்பில் வேலை செய்யும். அவருக்குத் தெரிந்து, அவர் சம்மதத்தோடு, மருத்துவர் கண்காணிப்பில் மட்டுமே தர வேண்டிய மருந்து அது. பெயர் இல்லாத பொட்டலப் பொடிகள் இதைவிட மோசம், உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாது. உங்கள் தவிப்பு எனக்குப் புரிகிறது அம்மா. ஆனாலும் கலக்காதீர்கள்.

கேள்வி (ஊத்தங்கரை): கோயிலில் கயிறு கட்டி ஆறு மாதம் விட்டிருக்கிறேன். இது போதாதா?

ஆறு மாதம் பெரிய விஷயம். கயிற்றை அவிழ்க்கும் நாள் நெருங்கும்போது மனம் நாள் எண்ணத் தொடங்கும். அதற்குள் கூட்டத்துக்கு வரத் தொடங்கிவிடுங்கள். சாமிக்குக் கொடுத்த வாக்குக்கு இது எதிரானது அல்ல. சாமி நம்பிக்கை இல்லாதவர்களும் வருகிறார்கள். அவரவர் புரிந்துகொண்டபடியான கடவுள் என்றுதான் அங்கே சொல்கிறார்கள்.

கேள்வி (பாலக்கோடு பக்கம் ஒரு கிராமம்): பெங்களூருவில் கட்டட வேலை. ஊருக்கு வந்தால் பக்கத்தில் கூட்டமே இல்லை. என்ன செய்வது?

ஏ.ஏ. தொடங்கிய கதையிலேயே இதற்குப் பதில் இருக்கிறது. 1935 மே மாதம். அமெரிக்காவில் பில் என்ற பங்குத்தரகர், வியாபாரம் கைகூடாமல் ஆக்ரன் நகரத்து ஹோட்டல் ஒன்றில் தனியாக நின்றார். குடியை விட்டுச் சில மாதமே ஆகியிருந்தது. மதுக்கூடத்துச் சத்தம் இழுத்தது. உள்ளே போகாமல் தொலைபேசியை எடுத்து, இந்த ஊரில் என்னைப் போன்ற இன்னொரு குடிகாரரிடம் பேச வேண்டும் என்று தேடினார். அப்படிக் கிடைத்தவர் டாக்டர் பாப் என்ற அறுவைச் சிகிச்சை நிபுணர். அந்த டாக்டர் கடைசியாகக் குடித்த நாளான ஜூன் 10-ஐத்தான் ஏ.ஏ. தன் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறது. இரண்டு பேரில் தொடங்கியது. இந்தியாவுக்கு 1957-இல் வந்தது.

இன்றும் குடிக்காமல் இருப்பதற்காக இரண்டு மூன்று பேர் கூடினாலே அது ஒரு குழுதான். உங்கள் ஊரில் விட நினைக்கும் ஒருவர் நிச்சயம் இருப்பார், தேடிப் பாருங்கள். பெங்களூருவில் இருக்கும்போது அங்குள்ள கூட்டங்களுக்குப் போய், உங்களைவிட மூத்த ஒருவரை வழிகாட்டியாக வைத்துக்கொள்ளுங்கள். சம்பள நாளில், பஸ் ஏறும் முன், அவருக்குப் போன் செய்யுங்கள். குடித்த பிறகு பேசிப் பயனில்லை, கை கடைப்பக்கம் நீளும் முன்பே பேச வேண்டும். போதைப் பழக்கத்தை விட நினைப்பவர்களுக்கான 14446 என்ற கட்டணமில்லா உதவி எண்ணும் இருக்கிறது.

கேள்வி (தேன்கனிக்கோட்டை): மகன் வர மறுக்கிறான். வேனில் வந்து கட்டித் தூக்கிப் போகிறோம் என்று ஒரு மையத்தில் சொல்கிறார்கள்.

சம்மதிக்காதீர்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது. ஒருவரை அவர் சம்மதமின்றிச் சேர்க்க மருத்துவப் பரிசோதனை உள்ளிட்ட முறைகள் உண்டு. பதிவுச் சான்றும் மருத்துவரும் இல்லாத இடத்தில் பிள்ளையை விடாதீர்கள். அவன் வராவிட்டாலும் நீங்கள் போகலாம். குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கென்றே 1951 முதல் அல்-அனான் என்ற கூட்டம் இருக்கிறது. கடனை அடைப்பது, லீவுக்குப் பொய் சொல்வது என்று அவன் குடிக்கு நாமே முட்டுக் கொடுப்பதை எப்படி நிறுத்துவது என்பதை அங்கே பெற்றோரும் மனைவியரும் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொள்கிறார்கள்.

கேள்வி (கிருஷ்ணகிரி): எட்டு மாதம் குடிக்காமல் இருந்தேன். எருது விடும் விழாவில் மறுபடி குடித்துவிட்டேன். எந்த முகத்தோடு கூட்டத்துக்குப் போவது?

அதே முகத்தோடு வாருங்கள். அந்த அறையில் பலர் இப்படிச் சறுக்கித் திரும்பியவர்கள். யாரும் திட்ட மாட்டார்கள். விழாவுக்குப் பிறகும் தினமும் குடித்துக்கொண்டிருந்தால் முதலில் மருத்துவமனை, அதை மேலே எழுதியிருக்கிறேன். அன்று ஒரு நாளோடு நின்றிருந்தால் இந்த வாரக் கூட்டத்துக்கே வந்து, நடந்ததை அப்படியே சொல்லுங்கள். அடுத்த விழாவுக்கு, குடிக்காத ஒருவரைக் கூட அழைத்துக்கொண்டு போங்கள்.