ஹாக்கி டீமில் பெனால்டி கார்னர் (எதிரணியின் தவறுக்குக் கிடைக்கும் கோல் வாய்ப்பு) அடிக்கும் ஆட்டக்காரரை விடலாமா?

விடாதீர்கள், ஒரே ஒரு சீசனுக்கு மட்டும் மறுபடி ஒப்பந்தம் போடுங்கள். டீம் தொடர்ந்து தோற்கிறது, அவருடைய ட்ராக் ஃப்ளிக் (பந்தை மட்டையால் இழுத்து வீசும் அடி) கோலாவதில்லை என்கிறீர்கள். கார்னரில் பந்தை அவருக்குத் தள்ளிவிடுபவரும் அதை நிறுத்துபவரும் சொதப்பினால் எந்தக் கொம்பனாலும் கோல் போட முடியாது.

கோலாலம்பூர் புக்கிட் ஜாலில் மைதானப் பயிற்சியில் 20 கார்னர் வைத்துப் பாருங்கள். கோலுக்கு முன்னுள்ள வட்டத்துக்கு வெளியே பந்து அசையாமல் நின்றவற்றை மட்டும் எண்ணுங்கள். கோல்கீப்பர் இல்லாமலே அவற்றில் பாதிகூட உள்ளே போகவில்லையா, அப்போது ஃப்ளிக் அடிப்பவரை மாற்றலாம். பந்து துள்ளிக்கொண்டே இருந்தால் நிறுத்துபவரை மாற்றுங்கள், செலவும் மிச்சம்.

இன்னொன்று: கார்னர் கொடுத்த பிறகு ஆள் மாற்ற விதி இடம் தராது. அந்த ஓர் அடிக்காக அவரைப் பெஞ்சில் வைத்திருக்க முடியாது, 15 நிமிடக் குவார்ட்டரில் அவரும் ஓடியாக வேண்டும். ட்ராக் ஃப்ளிக் இடுப்பைப் பதம் பார்க்கும். கையெழுத்துக்கு முன் பிசியோவிடம் காட்டுங்கள்.