சிறிய கட்டிக்குச் சிறுநீரகத்தையே எடுக்க வேண்டுமா?

கேள்வி: என் தந்தைக்கு வயது 61. வலியே இல்லாமல் இருமுறை சிறுநீரில் ரத்தம் போனது. இடது சிறுநீரகத்துக்குள் சிறுநீர் சேரும் இடத்தில் தீவிர வகைப் புற்றுநோய் இருப்பதாகச் சொல்கிறார்கள். கட்டி சிறியதுதான் என்றாலும், சிறுநீரகத்தையும் சிறுநீர்க்குழாயையும் முழுமையாக அகற்ற வேண்டும் என்கிறார்கள். அது அவசியமா?

பதில்: உங்கள் தந்தைக்கு வந்திருப்பது, சிறுநீரகத்தின் சதையில் தோன்றும் வழக்கமான சிறுநீரகப் புற்றுநோய் அல்ல. சிறுநீரகத்தின் உட்குழிவில் தொடங்கி, ஏறத்தாழ 25 செ.மீ. நீளமுள்ள சிறுநீர்க்குழாய் வழியாகச் சிறுநீர்ப்பை வரை, யூரோதீலியம் என்னும் ஒரே படலம் இடைவெளியின்றிப் படர்ந்திருக்கிறது. இதில் தோன்றும் புற்றுநோய்களில் மிகப் பெரும்பான்மை சிறுநீர்ப்பையில்தான் வரும். அதற்கு மேலே உள்ள பாதையில் வருபவை நூற்றுக்கு 5 முதல் 10 மட்டுமே.

படலம் ஒன்றே என்பதால், ஓரிடத்தில் கட்டி தெரியும்போது அதே பாதையில் வேறோர் இடத்திலும் நோய் இருக்கவோ, பின்னர் முளைக்கவோ வாய்ப்பு உண்டு. மேலும், இங்குள்ள சுவர் மிக மெல்லியது. சிறுநீர்ப்பாதை வழியாக மெல்லிய கருவியைச் சிறுநீர்க்குழாய்க்குள் செலுத்திப் பார்க்கும் யூரெட்டரோஸ்கோப்பி மூலம் கிள்ளியெடுக்கும் கடுகளவுத் துணுக்கை வைத்து, நோய் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று உறுதியாகச் சொல்ல இயலாது. ஆகவே, மற்றொரு சிறுநீரகம் நன்றாக இயங்குபவருக்குத் தீவிர வகை நோய் இருந்தால், சிறுநீரகம், சிறுநீர்க்குழாய், அது சிறுநீர்ப்பையில் நுழையும் இடம் ஆகிய மூன்றையும் சேர்த்து அகற்றுவதே முறையான சிகிச்சை. தீவிரம் குறைந்த சிறு கட்டியாக இருந்திருந்தால், லேசரால் அழித்துச் சிறுநீரகத்தைக் காப்பாற்றப் பார்த்திருப்பார்கள். உங்கள் மருத்துவர்கள் சொல்வது எனக்குச் சரியாகவே படுகிறது.

அறுவைக்கு முன்பே நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: கீமோதெரபி தேவையா, தேவையென்றால் எப்போது? இந்நோய்க்கு முதன்மையான மருந்தாகிய சிஸ்பிளாட்டினைத் தாங்கச் சிறுநீரகச் செயல்திறன் போதுமான அளவு இருக்க வேண்டும். ஒரு சிறுநீரகத்தை எடுத்தபின் அத்திறன் குறைந்துவிடும் என்பதால், சிலருக்கு அறுவைக்கு முன்னரே அதைக் கொடுப்பதுண்டு.

புகைபிடித்தல் இந்நோய்க்கு முக்கியக் காரணம். தந்தைக்கு அப்பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். ஈஸ்வரமூலி, ஆடுதீண்டாப்பாளை ஆகியவற்றை உள்ளடக்கிய அரிஸ்டோலோக்கியா இனச் செடிகளில் உள்ள அமிலமும் இதை உண்டாக்கும் என்பதால், அவர் மூலிகை மருந்து ஏதேனும் உட்கொண்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். குடும்பத்தில் பெருங்குடல் அல்லது கருப்பைப் புற்றுநோய் இருந்திருந்தால், லிஞ்ச் சிண்ட்ரோம் என்னும் மரபுவழிக் குறைபாட்டுக்கான பரிசோதனையைக் கேட்டுப் பெறுங்கள். அதன் முடிவு உங்களுக்கும் உங்கள் உடன்பிறந்தோருக்கும் தேவைப்படும்.

அறுவை நன்றாக முடிந்தாலும், ஏறத்தாழ மூவரில் ஒருவருக்குச் சிறுநீர்ப்பையில் மீண்டும் கட்டி தோன்றுகிறது. பெரும்பாலும் முதல் சில ஆண்டுகளில் இது நேர்வதால், மூன்றாம் மாதம் தொடங்கி மருத்துவர் குறித்துத் தரும் ஒவ்வொரு சிஸ்டோஸ்கோப்பிக்கும் (கருவி செலுத்திச் சிறுநீர்ப்பையின் உட்புறத்தைப் பார்க்கும் பரிசோதனை), இடையில் ரத்தம் போகாவிட்டாலும், தந்தையைத் தவறாமல் அழைத்துச் செல்லுங்கள்.