பழைய யூனிக்ஸை அணைக்கும் முன் ஏன் ‘சிங்க்’ அடிக்க வேண்டும்?

பிடிபி-11 என்ற பழைய கணினியில் ஓடும் ஏழாம் பதிப்பு யூனிக்ஸ் இயங்குதளத்தை (1979) மறுபடி தொடங்கும் முன் ‘சிங்க்’ கட்டளை எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள்.

நாம் எழுதுவது உடனே டிஸ்க்குக்குப் போய்விடாது. கொஞ்ச நேரம் நினைவகத்தில்தான் கிடக்கும். ‘அப்டேட்’ நிரல் 30 விநாடிக்கு ஒருமுறை அதை டிஸ்க்கில் இறக்கும். அதற்கு நடுவே இயந்திரத்தை நிறுத்தினால் கோப்பு அமைப்பே குலைந்துபோகலாம். அதில் இருப்பது பல பேருடைய உழைப்பு, தயவுசெய்து அவசரப்படாதீர்கள். முதலில் ‘வால்’ கட்டளையால் எல்லாருக்கும் தகவல் சொல்லி வெளியேற விடுங்கள். அப்புறம், நினைவகத்தில் கிடப்பதை அப்போதே டிஸ்க்கில் இறக்கச் சொல்லும் சிங்க், அதன் பிறகே நிறுத்தம்.

திரும்ப எழும்போது ஒற்றைப் பயனர் நிலைதான், அதாவது மற்ற டெர்மினல்களில் யாரும் நுழைய முடியாது. கன்சோலில் (இயந்திரத்தின் முதன்மை டெர்மினலில்) # குறி மட்டும் நிற்கும். இங்கேயே தேதியைச் சரிசெய்து, கோப்பு அமைப்பு குலையாமல் இருக்கிறதா என்று சோதிக்கும் ‘ஐசெக்’, ‘டிசெக்’ இரண்டையும் ஓட்டிப் பாருங்கள். எல்லாம் சரி என்றால் கன்ட்ரோல்-டி. உடனே, மற்ற நிரல்களைத் தொடங்கிவைக்கும் ‘இனிட்’ நிரல் வேலையைத் தொடங்கும், ஒவ்வொரு டெர்மினலிலும் லாகின் வந்து நிற்கும்.